இராயப்பர் தனியாகப் போகவில்லை

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று பேசுகிறேன். பின்னால் கரைவலை இழுக்கிறார்கள், காற்றும் கூட. சத்தம் இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் தனியாக எழுதுகிறீர்கள். குழுக்கடன் எடுத்துக் கிழமைக் காசு கட்ட முடியாமல், பூசைக்கு வருவதையே விட்ட அக்காமார். ஏ.எல். பரீட்சை சரிவராத பிள்ளைகள். காணியை ஈடு வைத்து வெளிநாடு வெளிக்கிட்டு, பாதி வழியில் திரும்பின தம்பிமார். சனத்தின் முகத்தில் முழிக்க ஏலாமல் இருக்கிறது என்கிறீர்கள்.

மழை பொய்த்து, வயல் கருகிக் கடன் நின்றுபோனால் அது பாவம் இல்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்தது. அந்தளவுக்குக் குடும்பங்கள் அதில் மாட்டியிருந்தன. பரீட்சை பெயிலானதும் பாவம் இல்லை. 2009இல் யுத்தத்துக்குள்ளால் ஓடும்போது ஒருவரை விட்டுவிட்டு வந்ததை நினைத்து இன்றைக்கும் நித்திரை வராத அம்மா, நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை. உங்களை ஆறுதலாக அழவிட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, உண்மையாகவே பிழை விட்டவர்களும் இருக்கிறோம்தானே. பிணை நின்றவரை மாட்டிவிட்டு ஒளித்தவர், குடித்துவிட்டு மனைவிக்குக் கை நீட்டியவர். அவர்கள் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும்.

தலைமைக் குருவின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டு நின்றுதான், யேசுவின் சீடர் இராயப்பர், அதாவது பேதுரு, யேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். மூன்று தரம். பிறகு திபேரியாக் கடலில் ஒரு இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடியப் பார்த்தால், கரையில் யேசு கரி நெருப்பு மூட்டி மீன் வைத்திருக்கிறார், அப்பமும் இருக்கிறது. அவர் சொன்ன பக்கம் வலையைப் போட்டதில் 153 பெரிய மீன். அதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள், கடற்தொழில் செய்கிற சனம்தான்! "வந்து சாப்பிடுங்கள்" என்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கேள்வி. அதுவும் ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டு, மூன்று தரமும் தன் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். முதலில் திருந்திக் காட்டு, பிறகு பார்ப்போம் என்று சொல்லவே இல்லை.

மன்னிப்புக் கிடைத்தால் கடன்காரரைப் பார்க்காமல் ஒளிக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சனத்தை ஏய்த்துக் காசு சேர்த்த வரி அதிகாரி சக்கேயு, யேசுவைச் சந்தித்த பிறகு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றார். அடி வாங்கின அக்கா அந்த வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும் என்றும் யாரும் வற்புறுத்தக் கூடாது.

காசுக்கு யேசுவைக் காட்டிக்கொடுத்த சீடர் யூதாசும் மனம் வருந்தினார். காசையும் திருப்பிக் கொண்டுபோனார், பாவம் செய்தேன் என்றும் சொன்னார். யாரிடம்? காசு கொடுத்து வாங்கினவர்களிடமே. "அதனால் எங்களுக்கென்ன?" என்று கையை விரித்தார்கள். தனியாகப் போய் உயிரை விட்டார். எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஒரு ஆள் கூடப் போகவில்லையே.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், சரியான ஆளிடம் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவத்தை அறிக்கையிடும்போது, சொன்னதைச் சுவாமி எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விட முடியாது. விட்டால் திருச்சபைச் சட்டப்படி அவருக்கே சபைவிலக்கு. ஊர்ச் சுவாமியிடம் கூச்சம் என்றால் மடு மாதா கோயிலுக்குப் போங்கள். ஆவணித் திருவிழா நேரம் தெற்கிலிருந்தும் சனம் வரும், உங்களை யாருக்கும் தெரியாது. சாக வேண்டும் போல இருந்தால் இப்பவே பக்கத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிடுங்கள், மனநல உதவி இலக்கம் 1926க்கும் எடுங்கள்.

மற்ற எல்லாருக்கும் ஒன்று. மீன் பிடிக்கப் போகிறேன் என்று இராயப்பர் சொன்னபோது மற்றச் சீடர்கள் அவரைத் தனியே விடவில்லை, நாங்களும் வருகிறோம் என்று வள்ளத்தில் ஏறினார்கள். கோயிலுக்கு வராமல் விட்ட ஒரு அக்கா உங்கள் ஒழுங்கையிலும் இருப்பா. ஞாயிறு காலமை படலையில் நின்று கூப்பிடுங்கள். கடன் கதையை எடுக்காதீர்கள். வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள்.