குவார்ட்டர்பேக் கிடைத்தாச்சா? அடுத்தது தற்காப்புதான்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு உயிரான விஷயம். புதிதாகக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய பையன்களை 32 அணிகள் ஏழு சுற்றுகளில் முறைபோட்டு எடுக்கும், போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. இது ஏலம் இல்லை. உங்கள் முறை வரும்போது யார் மிச்சமோ அவர்களில் ஒருவர்தான், அதனால்தான் தாக்குதலுக்கு எடுப்பதா தற்காப்புக்கு எடுப்பதா என்று வருஷா வருஷம் சண்டை.

நல்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஆள், இல்லாத அணி முதலில் அவரைத்தான் தேட வேண்டும், அதில் பேச்சே இல்லை. அவர் கிடைத்துவிட்டாரா, சரி, அடுத்த பெரிய வாய்ப்பைத் தற்காப்புக்குக் கொடுங்கள், அதிலும் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கிற ஆளுக்கு.

சின்சினாட்டி பெங்கால்ஸையே பாருங்கள். 2020இல் முதல் ஆளாகக் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, 2021இல் ஐந்தாவதாக ரிசீவர், அதாவது எறிகிற பந்தைப் பிடிக்கிற ஆள், ஜமார் சேஸ். தங்கமான தேர்வுகள், சேஸ் வந்த சீசனிலேயே சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டி வரை போனார்கள். ஆனால் 2024இல் பர்ரோ 43 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்து எடுக்கிற ஆறு புள்ளி) எறிந்தும் கோப்பைக்கான நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் கிடையாது. அந்த நவம்பரில் பால்டிமோரில் ஒரு வியாழக்கிழமை இரவு, சேஸ் தனி ஆளாக 264 யார்டும் மூன்று டச்டவுனும் எடுத்தார், மூன்றாவது கால்பகுதியில் 21-7 என்று முன்னிலை வேறு, அப்புறம் தற்காப்பு அப்படியே சரிந்து 35-34 என்று தோற்றார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே பால்டிமோரிடம் 38 புள்ளி எடுத்தும் தோல்வி! 38 எடுத்தும் ஜெயிக்க முடியாத அணிக்கு இன்னொரு ரிசீவர் எதற்கு? தற்காப்புக்கு ஆளே எடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன், 2022லும் 2023லும் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள், ஆனால் 31ஆவதாகவும் 28ஆவதாகவும். நல்ல அணியாக இருந்தால் முறை அவ்வளவு தாமதமாகத்தான் வரும்.

சீக்கிரம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2011 டிராஃப்ட். முதல் ஆள் கரோலினாவுக்குப் போன குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன், இரண்டாவது டென்வர் எடுத்த வான் மில்லர், குவார்ட்டர்பேக்கை விரட்டுகிற தற்காப்பு வீரர். ஐந்தாவது சீசன் முடிவில், 2016 பிப்ரவரியில், இருவரும் சூப்பர் பவுலில் நேருக்கு நேர். முதல் கால்பகுதியில் நியூட்டன் தன் எல்லைக்கோட்டுப் பக்கம் பின்வாங்கி நிற்கும்போது மில்லர் பாய்ந்து கையிலிருந்த பந்தைப் பிடுங்கிவிட்டார், உருண்டு போன பந்தின்மேல் மாலிக் ஜாக்சன் விழ, டச்டவுன். கடைசிக் கால்பகுதியில், டென்வர் 16-10 என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மில்லர் மறுபடியும் அதே மாதிரி பந்தைத் தட்டிவிட்டார். 24-10, டென்வருக்குக் கோப்பை. நியூட்டனை எடுத்தது தப்பே இல்லை, அந்த சீசனின் சிறந்த வீரர் விருதே அவருக்குத்தான்.

2025இல் பெங்கால்ஸ் 17ஆவதாக ஷெமார் ஸ்டூவர்ட் என்ற தற்காப்பு வீரரை எடுத்தது. மூன்று வருஷக் கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய கணக்கு நாலரைதான் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆள் தேறுகிறாரோ இல்லையோ, அந்த இடத்தைத் தற்காப்புக்குக் கொடுத்தது சரிதான் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.