பெட்டிக்குள் பட்டு பிழைக்காது

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாபேட்டைப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பழைய பட்டுக்குப் பெருமை பத்திரமாகக் காப்பதிலா, வெட்டித் தைத்து உடுத்துவதிலா? இதுதான் இன்றைய தலைப்பு. வெட்டித் தைப்பதில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா மூன்று விஷயம் சொன்னார்கள். கூறைப் புடவையில் கத்தரி வைத்தால் மங்கலத்துக்கே கத்தரி வைத்தமாதிரி என்றார்கள். அடுத்தவர் உடுத்திய பழந்துணியைத் தேடிப்போய் வாங்கித் தைப்பது நம் வழக்கத்திலேயே கிடையாது என்றார்கள். கடைசியாக, நெய்தவர் கைவேலை முழுசாக இருந்தால்தான் நாளைக்கு இன்னொரு நெசவாளி பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும், துண்டு போட்டால் எல்லாம் போச்சு என்றார்கள். அதற்கு நீங்கள் தட்டிய கை அடங்கவே நேரமாயிற்று. நானும் தட்டினேன். நெசவாளி வீட்டில் பிறந்த யாருக்கும் அந்தக் கவலை இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அக்கா சேலையைப் பெட்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டிக்கு அப்புறம் அது எங்கே போகிறது என்று சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

அம்மாயி இருக்கும்வரை பெட்டி. அம்மாயி போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, பங்கு பிரிக்கிற நாள் வருகிறது. நகைக்கு ஆள் இருக்கிறது, நிலத்துக்கு ஆள் இருக்கிறது. சேலைப் பெட்டியைத் திறந்ததும், "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ", "எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோ". அப்படியே பரண் ஏறுகிறது. பிறகு ஒரு நாள் தெருவில் குரல் கேட்கிறது: "பழைய பட்டுப்புடவை எடுக்கிறதே!" வந்தவர் சேலையைப் பிரித்து அழகு பார்ப்பதில்லை. ஓரத்தில் ஒரு இழை ஜரிகையை உருவி நகத்தால் சுரண்டுகிறார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் தராசை எடுக்கிறார். அந்தக் காலத்து அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அவர் கொடுக்கிற காசு அந்த வெள்ளிக்கு. அதன் பிறகு சேலை நெருப்புக்குப் போகிறது. எரித்த சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார்கள். நாள்கணக்கில் குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்தவரின் வேலைக்கு அங்கே ஒரு பைசா விலை கிடையாது.

ஜரிகை இல்லாததா? பாத்திரக்காரர் இருக்கிறார். நாலு சேலைக்கு ஒரு எவர்சில்வர் அடுக்கு.

கொலுசுக்குப் பேர் போன ஊர் நம் சேலம். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்த பிள்ளைக்கு வெள்ளியின் அருமையைச் சொல்லித்தர வேண்டாம். வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரும் இதே ஊர்தான். பட்டின் அருமையும் அந்த அளவுக்குத் தெரிய வேண்டாமா? பத்திரம், பத்திரம் என்று நாம் வைக்கிற ஒவ்வொரு சேலையும் உலைக்கு வரிசையில் நிற்கிறது, நடுவர் அவர்களே. நான் எடுக்கிற கத்தரி அந்த வரிசையிலிருந்து அதை வெளியே இழுக்கிற கத்தரி.

சரி, விற்கவே மாட்டோம், தலைமுறை தலைமுறையாக வைத்திருப்போம் என்று எதிரணி சொல்லலாம். வைத்தால் இருக்குமா? மடித்த பட்டை அப்படியே வருஷக்கணக்கில் விட்டால் மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். ஜரிகையின் கனம் வேறு அந்த மடிப்பில் உட்கார்ந்து இழையை அறுக்கும். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறோம். அது ஜரிகையில் பட்டால் நிறம் மங்குகிறது. வெள்ளி காற்றுப் பட்டுக் கறுக்கிறது. ஏற்காட்டுச் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து போகிற இடம் அது. ஐப்பசி கழிந்து பீரோவைத் திறந்தால் பட்டின் மேல் சாம்பல் புள்ளியாகப் பூஞ்சை. அருங்காட்சியகங்களில் பழந்துணியை முடிந்தவரை மடிப்பதில்லை. உருளையில் சுற்றி, வெளிச்சம் குறைத்து, ஈரப்பதம் பார்த்து வைக்கிறார்கள். அந்த ஏற்பாடு நம் பரணில் யாருக்கு இருக்கிறது?

இப்போது மங்கலத்துக்கு வருகிறேன். இதை நான் லேசாகத் தள்ளிவிட்டுப் போகப் போவதில்லை, ஏனென்றால் அக்கா சொன்னதில் ஒரு தாயின் மனசு இருக்கிறது. ஆனால் நம் வழக்கம் என்ன சொல்கிறது? பிறந்த குழந்தையை முதலில் எதில் கிடத்துகிறோம்? கடையில் வாங்கிய புதுத்துணியிலா? துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டியைக் கிழித்துத்தானே போடுகிறோம்! தூளி கட்டுவது எதில்? அம்மாவின் நூல் சேலையில். அந்த வேட்டியைக் கிழிக்கும்போது, ஐயோ தாத்தாவின் வேட்டி போச்சே என்று யாராவது அழுதோமா? பேரன் மேல் படட்டும் என்றுதானே கிழித்தோம்? அதே நியாயம் பட்டுக்கும் உண்டு. அம்மாவின் கூறை மகளின் பட்டுப்பாவாடையாகி, அந்தப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு நடந்து வந்தால், அதைவிட ஒரு மங்கலம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவர் துணி நம் வழக்கத்தில் இல்லை என்றார்களே, அம்மனுக்குச் சாத்திய சேலையைக் கோயிலில் ஏலம் விடும்போது முண்டியடித்துக் கை தூக்குகிறோமே, அது யாருடைய சேலை? எந்த ஊரோ, எந்தக் குடும்பமோ வேண்டிக்கொண்டு சாத்தியது. அதைப் பிரசாதமாக வாங்கி உடுத்துகிறோம். நாட்டில் மற்ற பக்கமும் பாருங்கள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் கந்தா செய்கிறார்கள். வட கர்நாடகத்தில் கவுதி, மராட்டியத்தில் கோதடி. எல்லாம் பழந்துணியில் பிறந்தவை. இன்றைக்குக் கந்தாவைக் காசு கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிற நாம், நம் பெட்டியில் கிடப்பதைத் தொட மட்டும் கூச்சப்படுகிறோம்.

வெட்டுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது இல்லை, நடுவர் அவர்களே. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எதிரணியின் பயமெல்லாம் தெரியாத கையில் கத்தரி போய்விடுமோ என்பதுதான்.

என்னிடம் ஒரு தங்கச்சி அம்மாவின் சேலையைக் கொண்டுவந்தாள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. கத்தரியை எடுப்பதற்கு முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் சாண் சாணாகப் பிடித்துப் பார்த்தோம். இற்ற இடம் வெளிச்சத்தில் சல்லடைக் கண்ணாகத் தெரியும். கொசுவம் வருகிற இடத்தில் மடிப்புக்கு மடிப்பு கீறல். கீழ்க்கரை காலில் பட்டுத் தேய்ந்திருந்தது. உள்சுற்று மட்டும் வெயில் படாமல் நேற்று தறியிலிருந்து அறுத்த மாதிரி நிறம் மாறாமல் இருந்தது. அப்புறம் இரண்டு கட்டைவிரலால் பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும், அதாவது நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும், மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால் உடுப்புக்கு ஆகும். சர்ரென்று விட்டுக்கொடுத்தால் உடுப்புக்கு ஆகாது; அடியில் மல் துணி கொடுத்து, ஒட்டுவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் ஈர வெள்ளைத்துணியை அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

சேலை ஐந்தரை மீட்டர். கொசுவத்துக் கீறலை ஒதுக்கினாலும் பாதிக்கு மேல் நல்ல துணி நின்றது. அவள் பிள்ளைக்கு ஐந்து வயசு. அந்தப் பிள்ளைக்குச் சேலையின் முழு அகலம் பாவாடைக்குத் தேவைப்படாது. அதனால் ஒரு கரையோடு சேர்த்துப் பாவாடை உயரத்துக்கு நீளவாக்கில் எடுத்துக்கொண்டு, மறுகரையோடு மிஞ்சியதில் சட்டையும் கையும் எடுத்தோம். கரை எங்கேயும் ஒட்டுப்போடாமல் பாவாடையின் அடியில் அதுவாகவே வந்து நின்றது. உள்ளே இரண்டு டக் பிடித்துவிட்டோம். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும்.

ஊசி விஷயம் சொல்லாமல் போனால் தையல்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். பழைய பட்டுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி ஆகவே ஆகாது. ஒன்பது அல்லது பதினொன்று, அதுவும் புது ஊசி. தையலை நெருக்கமாகப் போடக்கூடாது. நெருக்கினால் தபால்தலை ஓரம் மாதிரி துளை விழுந்து அந்த வரியிலேயே கிழியும். தையலுக்கு விடுகிற துணி வழக்கத்தைவிட அதிகம் விட வேண்டும், பட்டு பிரிந்துகொண்டே வரும். கோர்வைச் சேலை என்றால் உடலும் கரையும் பின்னிக்கொண்ட அந்தக் கோட்டிலேயே வெட்டிவிடாதீர்கள். அங்கேதான் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கைகோத்திருக்கின்றன. ஒரு விரல் தள்ளி வெட்டினால் கரை பிரியாது. இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித்துணி விரித்துக்கொள்ளுங்கள்.

பட்டோடு நிற்கவில்லை இந்த வேலை. பழைய சாமான் கடையில் ஒரு கட்டுத் துணிக்குள்ளிருந்து ஒரு தலையணை உறை எனக்குக் கிடைத்தது. மேட்டித் துணியில் குறுக்குத் தையல், ரோஜாப்பூ இரண்டு, நடுவில் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. நம் அம்மாக்கள் கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு வீடு போட்டார்களே, அதேதான். ஓரமெல்லாம் நைந்துவிட்டது, எண்ணெய்க்கறை வேறு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு முடிச்சு கிடையாது. நூல் தீர்ந்த இடமெல்லாம் தையலுக்கு அடியிலேயே செருகி மறைத்திருக்கிறாள், யாரோ ஒரு பெண். யாரும் பார்க்கப் போகாத பக்கத்தில் அவ்வளவு சுத்தம்! அது மிதியடியாகவோ கரித்துணியாகவோ போக வேண்டிய துணி. நடுவிலிருந்த பூவேலையைச் சதுரமாக எடுத்து, உள்ளே கேன்வாஸ் கொடுத்து, ஒரு பையின் முகத்தில் வைத்துத் தைத்தேன். உழவர் சந்தையில் அந்தப் பையோடு நின்றால் பெரியம்மாக்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள்: "ஏனுங்க, இது அந்தக் காலத்துத் தையலாச்சே, யாரு போட்டது?" முழுசாகக் கடைக்கட்டுக்குள் கிடந்த வரைக்கும் அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்து இளம்பிள்ளை ஊரில் புதுச்சேலை குறைந்த விலைக்கே கிடைக்கிறதே, இவ்வளவு சிரமம் எதற்கு என்று எதிரணியிலிருந்து ஒரு தம்பி நடுவில் கேட்டார். வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள், அதுவும் நம் ஜனங்கள் பிழைப்பு. ஆனால் அம்மாவின் சேலையில் இருக்கிற அந்த அசல் ஜரிகைக்கும் அந்தப் பட்டுக்கும் இன்றைக்கு என்ன விலை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் நெசவாளிகளையே கேளுங்கள். கையில் இருப்பதை எரியவிட்டுவிட்டு அதைத் திரும்ப வாங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

கடைசியாக அந்தப் பெரிய கேள்வி. நெய்தவர் வேலை துண்டானால் கற்றுக்கொள்வது எப்படி? சேலை பெட்டிக்குள் இருந்தால் யார் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்? பூட்டின பெட்டியைத் திறந்து எந்த நெசவாளிக்கு நாம் இதுவரை காட்டினோம்? ஒரு சேலையை வெட்ட உட்கார்ந்த அன்றைக்குத்தான் கரையின் முன்பக்கம், பின்பக்கம், ஊடை எங்கே திரும்புகிறது, பூவுக்கு எத்தனை இழை தூக்கியிருக்கிறார்கள் என்று இழை இழையாக நம் கண்ணில் படுகிறது. எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் முழுச் சேலையையும் விரித்துப் படம் எடுத்துவிடுகிறோம். கரைப் பூவை, தறியில் பூ விழவைக்கும் ஜக்கார்டு அட்டைக்கு வரைகிற மாதிரி கட்டம் போட்ட தாளில் இழைக்கு ஒரு கட்டமாக வரைந்துவிடுகிறோம். கரையும் முந்தானையும் சேருமிடத்தில் ஒரு சாண் துண்டைத் தைக்காமல் எடுத்து, யார் வீட்டுச் சேலை, எந்த வருஷத்துக் கல்யாணம், எங்கே நெய்தது என்று துணிப்பட்டையில் எழுதிச் சேர்த்துத் தைத்து வைக்கிறோம். வெளிச்சத்தில் பார்த்து ஒரு கீறல்கூட இல்லாத சேலை என்றால் வெட்ட மாட்டோம், "கொண்டுபோய்க் கட்டிக்கோம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம். 1960-இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அந்தக் கட்டத்தாள்களை வந்து பாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், திரும்பத் தறியில் ஏற்றுங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்தத் தாள்களையும் துண்டுகளையும் தைத்த உருப்படிகளையும் மேடைக்கு இடப்பக்கம் மேசையில் வைத்திருக்கிறோம். தீர்ப்பு சொல்வதற்கு முன் நீங்களும் எதிரணி அக்காவும் ஒரு நடை வந்து கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பழைய பட்டு வைத்திருக்கும் தாய்மார்கள், அந்த எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எங்களிடம் ஒரு தடவை காட்டுங்கள். நன்றி, வணக்கம்.