வாளியில தேறுன மிதவை விளக்கு கடல்ல ஏன் தண்ணி குடிக்குது?

பாம்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "வலைக்கு அடையாளமா மிதக்குற சோலார் விளக்குக்கு முதல் மாதிரி செஞ்சேன். வாளியில ராத்திரி முழுக்க முக்கி வச்சும் சொட்டுத் தண்ணி ஏறல. கடல்ல போட்ட மறுநாளே உள்ள இருந்த சர்க்யூட் போர்டு போயிருச்சு. ஏன்?"

வாளியில தண்ணியும் டப்பாவும் ஒரே சூட்டுல இருந்திருக்கும் தம்பி. வள்ளத்துல அப்படி இல்ல. வெயில்ல கிடக்குற டப்பாவுக்குள்ள 60 டிகிரி வரை ஏறலாம். விரியிற காத்து, சின்னச் சந்து இருந்தாலும் அது வழியா வெளிய போயிரும். அப்படியே 28 டிகிரி கடல்ல போட்டா மிச்சக் காத்து சுருங்கி, உள்ள அழுத்தம் பத்துல ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டர் ஆழத்துல முக்குன அளவுக்குத் தண்ணியை இழுக்கும். மூடியை அடைக்கிற ரப்பர் வளையம் (ஓ-ரிங்) மேல ஒரு தலைமுடி கிடந்தாலே போதும்.

அதனால முதல் சோதனைக்குப் போர்டே வேண்டாம். லித்தியம் பேட்டரியை வெயில்ல சூடாக்குறதும் ஆபத்து. போர்டு, பேட்டரி எடைக்கு மணலைப் பொட்டலம் கட்டி உள்ள வைங்க, அப்பத்தான் மிதக்குற மட்டம் சரியா வரும். மூடி ஓரத்தைச் சுத்தி டிஷ்யூ பேப்பர் வச்சு, அதுல ஸ்கெட்ச் பேனாவால கோடு போடுங்க. எந்தப் பக்கம் மை பரவியிருக்கோ அங்கதான் கசிவு. உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம் வச்சுட்டு, சூடு ஆறுறதுக்குள்ள கடல் தண்ணியில அரை மணி நேரம் அமுக்குங்க. வெளிப்பக்கம் நல்லாத் துடைச்சுட்டுத்தான் திறக்கணும். ஒரு தடவை தேறுனா நம்பாதீங்க, பத்துத் தடவையாவது செய்யுங்க.

3டி பிரிண்ட் டப்பான்னா சுவரே கசியலாம். சின்ன ஓட்டை போட்டு, சிரிஞ்சால காத்தை ஏத்தி, வெளிய சோப்புத் தண்ணி தடவுங்க. சுவர்ல குமிழி வந்தா எபாக்ஸி பசை பூசணும். மூடி ஓரத்துல வந்தா ரிங்கையும் திருகையும் பாருங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திராதீங்க, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாமப் போயிரும். பி.எல்.ஏ.ங்கிற பிளாஸ்டிக்ல அச்சடிச்சிருந்தா அதை முதல்ல விடுங்க. 60 டிகிரி பக்கத்துலயே இளகி மூடி வளைஞ்சிரும். ஏ.எஸ்.ஏ.ங்கிற பிளாஸ்டிக் வெயிலைத் தாங்கும்.

அப்புறம் போர்டோட கடலுக்குப் போங்க. ஆடி மாசம் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கிக் கிடக்கும், தென்கடல்தான் (மன்னார் வளைகுடாப் பக்கம்) அடிக்கும். வாடைக்காத்துல இது அப்படியே மாறும். எப்பவும் அடிக்கிற பக்கத்துல போடுங்க. கயிறு கட்டுற காதுல உரசல் விழுதா, வெடிப்பு விடுதான்னு தினமும் பாருங்க. கடைசியா, கடலுக்குப் போற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஒண்ணுமே சொல்லிக்கொடுக்காம இருட்டுல குடுங்க. ஈரக் கையோட அவரால சுவிட்சைப் போட முடியலைன்னா, மாத்த வேண்டியது சுவிட்சைத்தான்.