நீறு பூத்த விசுவாசம் – கடலூர் சில்வர் பீச்சிலிருந்து

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. கடலூர் சில்வர் பீச்ல நிக்கிறேன். காத்து இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கோங்க.

சபையில வாலிபப் பிள்ளைங்க அடிக்கடி என்கிட்ட சொல்ற ஒரு விஷயம். "அண்ணா, வாலிபர் முகாமுக்குப் போயிட்டு வந்தா மனசு அப்படியே பத்திக்குது. பத்து நாள் போனா பைபிளைத் தொறக்கவே தோண மாட்டேங்குது. விசுவாசமே போயிடுச்சாண்ணா?"

போகல தம்பி. நீறு பூத்துக் கிடக்கு, அவ்வளவுதான். ஊதணும்.

பைபிள்ல பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாவது நிருபம், அதாவது கடிதம், முதல் அதிகாரம், ஆறாம் வசனம் எடுத்துப் பாருங்க. உனக்குள்ள இருக்குற தேவவரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி" நினைப்பூட்டுறேன்னு பவுல் எழுதறார். அவர் அப்போ சிறையில கட்டுண்டு இருக்கார். தீமோத்தேயு முழுநேர ஊழியக்காரர். அவருக்கே இதைச் சொல்ல வேண்டியிருந்துச்சுன்னா நீங்க சோர்ந்துபோறதுல என்ன ஆச்சரியம்? ஆனா அதுக்கு முந்தின வசனத்தைத் தாண்டிப் போயிடாதீங்க. உன் பாட்டி லோவிசாள், உன் அம்மா ஐனிக்கேயாள், இவங்ககிட்ட இருந்த விசுவாசம்தான் உன்கிட்டயும் இருக்குன்னு பேரைச் சொல்லியே எழுதறார். அந்த நெருப்பு முதல்ல பத்தினது வீட்டுலதான்.

அதனாலதான் குடும்ப ஜெபத்தை விட்டுடாதீங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். எங்க வீட்டுல ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி டிவியை நிறுத்திட்டு, பாயை விரிச்சு எல்லாரும் உக்காருவோம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம். அப்புறம் அம்மா தெருவுல யாருக்கெல்லாம் உடம்பு சரியில்லையோ, யார் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சையோ, ஒவ்வொரு பேரா சொல்லி ஜெபிப்பாங்க. அதுல பாதிப் பேர் கோயிலுக்குப் போறவங்க, மசூதிக்குப் போறவங்க. ராத்திரி பேர் சொல்லி ஜெபிச்ச மனுஷனைக் காலையில தண்ணிக் குழாய்ல பாத்தா சண்டை போட மனசு வராதுங்க. நான் அனுபவிச்சுச் சொல்றேன்.

வசனத்தை ஸ்டேட்டஸ்ல வைக்கிறது தப்பில்ல. ஆனா மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல ஆண்டவர், ஜனங்க நம்ம "நற்கிரியைகளைக் கண்டு" பிதாவை மகிமைப்படுத்தணும்னு சொல்றார். கண்ணுக்குத் தெரியணும். 2004 சுனாமி இந்த பீச் இருக்குற தேவனாம்பட்டினத்தை அடிச்சது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை காலையில. பண்டிகைக்கு வாங்கி வச்ச அரிசியை எங்க தெரு அம்மாங்க அன்னைக்கே உலையில போட்டுட்டாங்க. நீ எந்த ஜாதி, எந்த மதம்னு யாரும் கேக்கல.

இது நம்ம பக்கத்துச் சபைக்குப் புதுசும் இல்ல. கார்ல் ஓக்ஸ்னு ஒரு மிஷனரி, லீப்ஸிக் மிஷன்ங்கிற ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சங்கத்துல இருந்தவர். சபைக்குள்ள ஜாதி பாக்குறதை ஏத்துக்க முடியாம அங்கிருந்து பிரிஞ்சு, நம்ம மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கினார். 1860-கள்ல. ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கதான். எனக்கு இதைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். இன்னைக்கும் கல்யாணப் பேச்சு வந்தா ஜாதி பாக்குற கிறிஸ்தவ வீடு எத்தனை! அதைப் பாக்குற பிள்ளைக்கு எந்த முகாம் போயும் பிரயோஜனம் இல்ல.

சரி, இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க. மாற்கு சுவிசேஷம் மொத்தமே 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், வீட்டுல சின்னப் பிள்ளை எதுவோ அதையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. திக்கித் திக்கி வாசிச்சாலும் நடுவுல திருத்தாதீங்க. மாற்கு முடிச்சதும் அடுத்து எதை வாசிக்கலாம்னு பேசுவோம். ஸ்தோத்திரம்.