வீட்டு சர்வர்ல சொந்த பிளாக்: கோஸ்ட், டாக்கர், ரெண்டே ரெண்டு ஃபோல்டர்

வணக்கம் மக்களே. காட்பாடியிலிருந்து பேசுறேன். மேசை மேல இருக்குதே இந்தச் சின்னப் பெட்டி, இதுல கோஸ்ட் பிளாக் மென்பொருளை டாக்கர்ல ஓட விடப் போறோம். டாக்கர்ங்கிறது ஒரு மென்பொருளை அதுக்கு வேண்டியதோட சேர்த்துத் தனியா ஒரு கன்டெய்னர்ல ஓட்டுற கருவி. அந்தக் கன்டெய்னரை உண்டாக்குற அச்சு தான் இமேஜ். கோஸ்ட் 2013-ல கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்ட பணம் திரட்டி ஆரம்பிச்சது. நடத்துறது லாப நோக்கம் இல்லாத ஒரு அமைப்பு, கோடு எம்ஐடி லைசென்ஸ்ல இருக்கு. எழுதுற பக்கம் சுத்தமா இருக்கும், பிளக்இன் குப்பை சேராது. வேர்ட்பிரஸ் தான் வேணும்னாலும் பார்க்கலாம், இன்னைக்குச் சொல்றதுல பாதி அதுக்கும் பொருந்தும்.

முதல்லயே ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க. கன்டெய்னர் உங்க பிளாக் கிடையாது. அதை அழிச்சுட்டு ரெண்டு நிமிஷத்துல திரும்ப உண்டாக்கிடலாம். பிளாக்ங்கிறது ரெண்டு ஃபோல்டர்: கட்டுரை எல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் ஒண்ணு, படமும் தீமும் இருக்கிற கன்டென்ட் ஃபோல்டர் ஒண்ணு. இனிமே செய்யற ஒவ்வொரு வேலையும் இந்த ரெண்டையும் காப்பாத்தத்தான்.

பெட்டிக்குப் பெரிய செலவு வேணாம். பழைய ஆபீஸ் மினி பிசி, 4 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி போதும். 8 ஜிபி இருந்தா நிம்மதி. ஆனா ரொம்பப் பழசு எடுக்காதீங்க. கோஸ்ட் கட்டுரையைச் சேமிக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல். மைஎஸ்கியூஎல் 8-ஓட இப்போதைய இமேஜ், சிபியு எக்ஸ்86-64 வி2 வகையா இருக்கணும்னு கேட்கும். கோர் 2 டுவோ மெஷின்ல போட்டா "ஃபேட்டல் ஜிலிப்சி எரர்"னு ஒரு வரி எழுதிட்டு நின்னுடும், எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணாலும் அதே தான். முதல் தலைமுறை கோர் ஐ வரிசையிலிருந்து பிரச்சனை இல்லை. ராஸ்பெர்ரி பை வெச்சிருக்கறவங்க எஸ்டி கார்டுல டேட்டாபேஸ் வெக்காதீங்க. நாள் முழுக்க எழுதிட்டே இருக்கும், கார்டு தாங்காது. யூஎஸ்பி எஸ்எஸ்டி போடுங்க. டிஸ்க் எக்ஸ்ட்4-ல ஃபார்மேட் ஆகியிருக்கணும். எக்ஸ்ஃபேட்ல லினக்ஸ் ஓனர்ஷிப் நிக்காது, மைஎஸ்கியூஎல் கிளம்பவே கிளம்பாது.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் இருக்கு, கரண்டும் வெயிலும். மினி பிசி சும்மா இருக்கும்போது சராசரியா 12 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு நாளைக்கு 0.288 யூனிட், ரெண்டு மாச பில்லுல 17 யூனிட் சொச்சம். செலவு பெருசு இல்லை. ஆபத்து திடீர்னு கரண்ட் போறதுல. மாசாந்திர பராமரிப்புன்னு காலையில நிறுத்தினா மதியம் தாண்டித்தான் வரும். பெட்டியை இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, இன்வெர்ட்டர் பின்னாடி இருக்கிற ஸ்விட்சை யூபிஎஸ் மோடுக்கு மாத்துங்க. சாதாரண மோடுல கரண்ட் மாறுற நேரம் அதிகம், ஃபேன் கவலைப்படாது, கம்ப்யூட்டர் ரீபூட் ஆயிடும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே லைன்ல சேருங்க. சர்வர் ஓடி நெட் இல்லைன்னா பிளாக் வெளியில தெரியாது. அப்புறம் பயாஸ்ல "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்"னு ஒரு இடம் இருக்கும், அதை "பவர் ஆன்"னு வெச்சுடுங்க. பேட்டரி தீர்ந்து அணைஞ்சாலும் கரண்ட் வந்ததும் தானா எழுந்துக்கும்.

கத்திரி வெயில்ல வேலூர் 40 டிகிரி தாண்டுறது நமக்குப் புதுசு இல்லை. பரண் மேலயோ மூடின பீரோவுக்குள்ளயோ பெட்டியை வெக்காதீங்க. தரைக்குப் பக்கத்துல, மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் காத்து போற மாதிரி வைங்க. சென்சார்ஸ்னு ஒரு கமாண்ட் இருக்கு, மே மாசம் மத்தியானத்துல அதை ஓட்டிப் பாருங்க. சும்மா இருக்கும்போதே 80 டிகிரி காட்டினா ஃபேன்ல தூசி, இல்லைன்னா தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கு.

சரி, மென்பொருளுக்கு வருவோம். டெபியன் லினக்ஸ் போட்டு, டாக்கரோட சொந்த ரெப்போவிலிருந்து டாக்கர் இன்ஸ்டால் பண்ணுங்க. உபுண்டுவுல ஸ்னாப் வழியா வர்ற டாக்கர் வேணாம், ஹோம் ஃபோல்டருக்கு வெளியில இருக்கிற ஃபோல்டரை அதால தொட முடியாது. கமாண்ட் "டாக்கர் கம்போஸ்", நடுவுல ஸ்பேஸ். ஹைஃபன் போட்ட பழைய கமாண்டுக்கு 2023-லயே ஆதரவு நின்னுடுச்சு, பழைய வீடியோ பார்த்து அதை டைப் பண்ணாதீங்க.

ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்க, பிளாக்னு பேர் வைங்க. உள்ளே டிபி, கன்டென்ட்னு ரெண்டு. கூடவே எந்தெந்த சர்வீஸ் எப்படி ஓடணும்னு எழுதுற கம்போஸ் ஃபைல் ஒண்ணு, பாஸ்வேர்டுக்கு டாட் என்வ் ஃபைல் ஒண்ணு. பாஸ்வேர்டுல டாலர் குறி வேணாம், கம்போஸ் அதை வேரியபிள்னு நெனச்சு முழுங்கிடும். கம்போஸ் ஃபைல்ல டேப் கீ தொடாதீங்க, ரெண்டு ரெண்டு ஸ்பேஸ் தான்.

முதல் சர்வீஸ் டிபி. இமேஜ் மைஎஸ்கியூஎல் 8. மைஎஸ்கியூஎல் மாதிரியே இருக்கிற மரியாடிபியை கோஸ்ட் அதிகாரபூர்வமா ஏத்துக்கிறது இல்லை. டிபி ஃபோல்டரை உள்ளே வார் லிப் மைஎஸ்கியூஎல் இடத்துல மாட்டுங்க. இங்க கவனிங்க: என்வ் ஃபைல்ல கொடுக்கிற பாஸ்வேர்டு, அந்த ஃபோல்டர் காலியா இருக்கும்போது முதல் தடவை மட்டும் தான் எடுத்துக்கும். அப்புறம் ஃபைல்ல மாத்தினா டேட்டாபேஸ்ல மாறாது, "ஆக்சஸ் டினைட்"னு வரும். ஆரம்பத்துல தப்பா டைப் பண்ணியிருந்தா, இன்னும் எதுவும் எழுதாத நிலையில, நிறுத்திட்டு டிபி ஃபோல்டரைக் காலி பண்ணிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்றது சுலபம். ஃபோல்டர் ஓனர் 999-ன்னு காட்டும். அது கன்டெய்னருக்குள்ள இருக்கிற மைஎஸ்கியூஎல் யூசர், உங்க பேருக்கு மாத்திடாதீங்க.

ஸ்டாப் கிரேஸ் பீரியட் ஒரு நிமிஷம் கொடுங்க. டாக்கர் வழக்கமா 10 செகண்ட் தான் காத்திருக்கும், அதுக்குள்ள மூடலைன்னா வலுக்கட்டாயமா கொன்னுடும். டேட்டாபேஸுக்கு அது நல்லதில்லை.

அடுத்தது ஹெல்த் செக், அதாவது டேட்டாபேஸ் தயாரான்னு டாக்கர் கேட்டுப் பார்க்கிறது. கோஸ்ட் வேகமா எழுந்துடும், மைஎஸ்கியூஎல் முதல் தடவை தயாராக நேரம் எடுக்கும். அதனால கோஸ்ட்ல "டிபெண்ட்ஸ் ஆன்", அதுக்குக் கீழ கண்டிஷன் "சர்வீஸ் ஹெல்தி". செக் பண்ற கமாண்ட் மைஎஸ்கியூஎல்அட்மின் பிங். ஹோஸ்ட் இடத்துல லோக்கல்ஹோஸ்ட்னு போடாம 127.0.0.1-ன்னு போடுங்க. முதல் தடவை இந்த இமேஜ் ஒரு தற்காலிக சர்வரைக் கிளப்பித்தான் யூசரையும் டேட்டாபேஸையும் உண்டாக்கும். அது சாக்கெட்ல, அதாவது அதே கன்டெய்னருக்குள்ள இருக்கிற வழியில மட்டும் பேசும், நெட்வொர்க் மூடியிருக்கும். லோக்கல்ஹோஸ்ட்னு கேட்டா சாக்கெட் வழியா "நான் ரெடி"ன்னு சொல்லிடும், கோஸ்ட் போய் முட்டிட்டு நிக்கும்.

ரெண்டாவது சர்வீஸ் கோஸ்ட். இமேஜ்ல கோஸ்ட் கோலன் 6-ன்னு நம்பர் போடுங்க, லேட்டஸ்ட்னு விடாதீங்க. கன்டென்ட் ஃபோல்டரை வார் லிப் கோஸ்ட் கன்டென்ட்ல மாட்டுங்க. இதை மறந்துட்டா முதல்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும், இமேஜ் மாத்துற அன்னைக்குப் படமெல்லாம் காணாம போயிருக்கும். டேட்டாபேஸ் விவரம் கொடுக்கும்போது டேட்டாபேஸ், கனெக்ஷன், ஹோஸ்ட்ங்கிற வார்த்தைகளுக்கு நடுவுல ரெண்டு அண்டர்ஸ்கோர் வரணும். ஒண்ணு போட்டா கோஸ்ட் கண்டுக்காது, எரரும் சொல்லாது.

யூஆர்எல்ல எச்டிடிபிஎஸ்ஸோட உங்க டொமைனை முழுசா எழுதுங்க. அப்புறம் வீட்டுக்குள்ள 2368 போர்ட்ல திறந்து பார்த்தா உங்களை டொமைனுக்குத் தள்ளிவிடும். கெட்டுப்போச்சுன்னு நெனக்க வேணாம், அது அப்படித்தான். ரெண்டு சர்வீஸுக்கும் ரீஸ்டார்ட் "அன்லெஸ் ஸ்டாப்ட்", லாக் அளவு 10 எம்பி, மூணு ஃபைல். லாக் அளவு கட்டலைன்னா டாக்கர் எழுதிட்டே போய் ஒரு நாள் டிஸ்க்கை நிரப்பிடும்.

மெயில் செட் பண்ணாம விடாதீங்க. புது கோஸ்ட்ல வேற மெஷின்லருந்து அட்மின் லாகின் பண்ணா மெயிலுக்கு ஒரு கோடு அனுப்பும். மெயில் போகலைன்னா நீங்களே வெளியில நிப்பீங்க. டூ ஸ்டெப் போட்டு ஜிமெயில் ஆப் பாஸ்வேர்டு எடுத்து, போர்ட் 465-ல கொடுத்தா இந்த மாதிரி சின்ன மெயிலுக்குப் போதும். மாட்டிக்கிட்டவங்க செக்யூரிட்டி, ரெண்டு அண்டர்ஸ்கோர், ஸ்டாஃப் டிவைஸ் வெரிஃபிகேஷன், ஈக்வல் ஃபால்ஸ்னு ஒரு வரி சேர்த்து உள்ளே வரலாம். மெயில் சரியானதும் அந்த வரியை எடுத்துடுங்க. ஆயிரம் பேருக்கு நியூஸ்லெட்டர் அனுப்பற வேலை வேற, அதுக்கு கோஸ்ட் மெயில்கன்னைத்தான் கேட்கும்.

இப்போ வெளியுலகம். ரவுட்டர்ல வேன் (WAN) ஐபி, அதாவது வெளிப் பக்கத்து முகவரி என்னன்னு பாருங்க. 100.64-லருந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க. உங்க தெருவுல பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி. போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை பண்ணாலும் வேலைக்கு ஆகாது. காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். இல்லைன்னா கிளவுட்ஃப்ளேர் டனல். பெட்டியே வெளியில போய் இணைப்பு போட்டுக்கும், ரவுட்டர்ல ஒரு போர்ட்டும் திறக்க வேணாம். டொமைனோட நேம்சர்வரை அவங்ககிட்ட மாத்தி, டனல் டோக்கனை டாட் என்வ்ல போட்டு, மூணாவது சர்வீஸா கிளவுட்ஃப்ளேர்டு சேருங்க. சர்வீஸ் முகவரி கேட்கிற இடத்துல கோஸ்ட் கோலன் 2368. அங்க லோக்கல்ஹோஸ்ட்னு எழுதினா 502 எரர் வரும், ஏன்னா அந்தக் கன்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட்ங்கிறது அதே கன்டெய்னர் தான். இந்த வழியில உங்க டிராஃபிக்கோட என்கிரிப்ஷனை அவங்க சர்வர்ல பிரிச்சுத்தான் அனுப்புவாங்க. அது பிடிக்காதவங்க ஸ்டாட்டிக் ஐபி வாங்கி முன்னாடி கேடி (Caddy)ங்கிற வெப் சர்வரைப் போடுங்க, சர்டிஃபிகேட்டை அதுவே வாங்கிக்கும். கிளவுட்ஃப்ளேர் இலவச பிளான்ல ஒரு அப்லோடு 100 எம்பி தாண்டக்கூடாது, அதனால வீடியோவை யூடியூப்ல போட்டு லிங்க் கொடுங்க.

டெஸ்ட்டுக்கு போர்ட் திறக்கணும்னா முன்னாடி 127.0.0.1 சேர்த்துத் திறங்க. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கோம்னு நம்பாதீங்க, டாக்கர் திறக்கிற போர்ட் அதைத் தாண்டிப் போயிடும்.

தமிழ்ல எழுதறவங்களுக்கு இது முக்கியம். தமிழ் எழுத்து யூடிஎஃப்-8-ல ஒரு குறிக்கு மூணு பைட். முகவரியில வரும்போது ஒவ்வொரு பைட்டும் பர்சென்ட் போட்டு மூணு கேரக்டர், ஆக ஒரு குறிக்கு ஒன்பது. புள்ளியும் கால்வாங்கியும் தனித்தனிக் குறி. வேர்ட்பிரஸ் 200 கேரக்டரோட வெட்டிடும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பத்தி எழுதறீங்கன்னு வெச்சுக்கோங்க. அந்த முகவரி "இலவம்பாடி-முள்ளுக்-கத்தி"யோட நின்னுடும். கணக்கு போட்டுப் பாருங்க, சரியா 200 வரும். வாட்ஸ்அப்ல அனுப்பினா ஒரே பர்சென்ட் குறியா நாலு வரிக்கு நீளும். அதனால கோஸ்ட்டோ வேர்ட்பிரஸ்ஸோ, ஸ்லக்கை, அதாவது முகவரியோட கடைசிப் பகுதியை, ஆங்கில எழுத்துல நீங்களே சுருக்கமா டைப் பண்ணுங்க. தீம் தலைப்புல வரி இடைவெளி இறுக்கமா இருந்தா கீ-யோட மேல் சுழியும் மேல் வரியோட கூ-வும் இடிச்சுக்கும். கோஸ்ட் செட்டிங்ஸ்ல இருக்கிற கோட் இன்ஜெக்ஷன்ல லைன் ஹைட் 1.4, லெட்டர் ஸ்பேசிங் சைபர், ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ்னு கொடுத்தா சரியாயிடும். டைம்ஸோனையும் கொல்கத்தாவுக்கு மாத்துங்க. இல்லைன்னா காலையில 6 மணிக்குன்னு வெச்ச கட்டுரை பதினொன்றரைக்குத்தான் வெளிவரும்.

பேக்கப். ஓடிட்டிருக்கிற டிபி ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்காதீங்க, பாதி எழுதின நிலையில மாட்டும். மைஎஸ்கியூஎல்டம்ப் (டேட்டாபேஸை ஒரே ஃபைலா எழுதித் தர்ற கமாண்ட்) எடுங்க, "சிங்கிள் டிரான்சாக்ஷன்" ஆப்ஷனோட, கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4. தமிழ் மூணு பைட்ல அடங்கிடும், இமோஜிக்கு நாலு வேணும். நேரம் வெச்சுத் தானா ஓட்டுற கிரான்ல ஓட்டும்போது "எக்ஸெக்" பக்கத்துல மைனஸ் பெரிய டி சேருங்க, அங்க டெர்மினல் கிடையாது. டம்ப், கன்டென்ட் ஃபோல்டர், கம்போஸ் ஃபைல், டாட் என்வ், இந்த நாலும் சேர்ந்தா தான் பேக்கப். ரெஸ்டிக்ங்கிற பேக்கப் கருவி வெச்சு என்கிரிப்ட் பண்ணி ஒண்ணு யூஎஸ்பி டிஸ்க்ல, ஒண்ணு வீட்டுக்கு வெளியில. ராணிப்பேட்டையில உங்க அண்ணன் வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா அதுவே போதும்.

எடுத்ததை மாசம் ஒரு தடவை திரும்பப் போட்டுப் பாருங்க. வேற ஃபோல்டர், வேற புராஜெக்ட் பேர், போர்ட் 2369, யூஆர்எல் லோக்கல்ஹோஸ்ட். கட்டுரைக்குள்ள டொமைனுக்குப் பதிலா கோஸ்ட் ஒரு அடையாளத்தைத்தான் சேமிக்குது, அதனால படங்கள் புது முகவரியிலயும் தெரியும். தெரியலைன்னா கன்டென்ட் ஃபோல்டர் முழுசா வரலைன்னு அர்த்தம்.

அப்டேட் பண்ற நாள்ல முதல்ல டம்ப், அப்புறம் "டாக்கர் கம்போஸ் புல்", அப்புறம் "டாக்கர் கம்போஸ் அப் மைனஸ் டி". 6-லருந்து அடுத்த பெரிய வெர்ஷனுக்குப் போறப்போ, முதல்ல 6-ல கடைசியா வந்ததுக்குப் போயிட்டுத்தான் தாண்டணும். தாண்டினதும் டேட்டாபேஸ் அமைப்பு மாறிடும். பிடிக்கலைன்னு பழைய இமேஜுக்கு நம்பரை மாத்தினா மட்டும் ஓடாது, பழைய டம்பையும் சேர்த்துப் போடணும். லாக்ல "கோஸ்ட் பூட்டட்"னு வந்ததும் ஒரு பழைய கட்டுரையைத் திறந்து படம் தெரியுதான்னு பாருங்க, அட்மின்ல ஒரு டிராஃப்ட் சேவ் பண்ணிப் பாருங்க. ரெண்டும் சரியா இருந்தா "டாக்கர் இமேஜ் ப்ரூன்" ஓட்டிப் பழைய இமேஜைத் தூக்கிடலாம்.