பூட்டிய கதவை மறந்த நாடு

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், அரங்கு நிறைந்த பெருமக்களுக்கும் வணக்கம்.

இன்றைய அமெரிக்காவைப் பெரிதும் அலைக்கழிப்பது செல்வத்தின் ஆதிக்கமா, வரலாற்றின் மறதியா என்பது தலைப்பு. மறதியே என்று வாதாட வந்திருக்கிறேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "வரலாற்றாசிரியர் பிணத்தை அறுத்துப் பார்க்கும் மருத்துவர், நோயாளி இறந்த பிறகுதான் கத்தியோடு வருவார், உயிரோடு இருப்பவனுக்கு அவரால் என்ன பயன்?" என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் தலைப்புக்குள் போவது முறையாகாது.

ஐயா, பிணத்தை எதற்காக அறுக்கிறார்கள்? இறந்தவரை எழுப்புவதற்காக யாரும் அறுப்பதில்லை. எது அவரைக் கொன்றது என்று தெரிந்தால், அதே வீட்டில் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்றலாம் என்பதற்காக அறுக்கிறார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானபோது, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்தவர் பென் பெர்னான்கி. அவர் காலமெல்லாம் ஆராய்ந்தது 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தை. எதிரணித் தலைவரின் மொழியில் சொன்னால், அவர் அறுத்தது எழுபது ஆண்டுப் பழைய பிணத்தை. 2002இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மனின் 90ஆம் பிறந்தநாள் விழா மேடையில், அப்பெருமந்தத்தை மத்திய வங்கிதான் ஆழப்படுத்தியது, அந்தத் தவறை இனிச் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். 1933இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 2009இல் வேலையின்மை 10 சதவீதத்தோடு நின்றது. அந்த 10 சதவீதமும் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் கிடந்த நோயாளிக்கு மருந்து கொடுத்தவர், பழைய பிணத்தை அறுத்துப் படித்தவர் என்பதை எதிரணித் தலைவர் குறித்துக்கொள்ளட்டும்.

அவர் பிணவறையை நினைவூட்டிவிட்டதால், உங்கள் எல்லோரையும் ஒரு பிணவறைக்கே அழைத்துப் போகிறேன்.

நியூயார்க் நகரம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, ஐந்து மணிக்குச் சற்று முன். வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே ஒரு பத்து மாடிக் கட்டடம். அதன் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் டிரையாங்கிள் என்னும் ரவிக்கைத் தொழிற்சாலை. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள் வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருக்கிறார்கள். வேலை முடியும் நேரம், வாரக் கூலி வாங்கும் நேரம். எட்டாம் மாடியில் துணிக்கழிவில் தீ பிடிக்கிறது. அங்கிருந்து தொலைபேசியில் பத்தாம் மாடிக்குத் தகவல் போகிறது. பத்தாம் மாடியில் இருப்பவர்கள் உரிமையாளர்கள். அவர்கள் கூரை வழியாகத் தப்பிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஒன்பதாம் மாடிக்கு எவரும் சொல்லவில்லை. அங்கிருந்த பெண்களுக்குத் தகவல் சொன்னது தீதான்.

அவர்கள் ஒரு கதவை நோக்கி ஓடினார்கள். அது பூட்டியிருந்தது. ஏன் பூட்டியிருந்தது? வேலை முடிந்து போகும் பெண்கள் துணி எதையும் திருடிப் போகிறார்களா என்று அவர்களுடைய கைப்பைகளைச் சோதிக்க, எல்லோரையும் ஒரே வாசல் வழியாக வெளியேற்றுவது அங்கே வழக்கம். அதற்காகவே மறுவாசலைப் பூட்டினார்கள். மின்தூக்கி ஓட்டியவர்கள் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறி இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். தப்பிக்கும் இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. தீயணைப்புப் படை வந்தது, ஏணியை உயர்த்தியது, ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடிச் சன்னல் விளிம்பில் நின்ற பெண்கள், கீழே பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தின் கண் முன்னே குதித்தார்கள். இறந்தவர்கள் 146 பேர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிணவறையில் இடம் போதாமல் ஆற்றங்கரைத் துறைமேடையில் உடல்களை வரிசையாகக் கிடத்தினார்கள். காலணியைப் பார்த்து, தலைமுடியைப் பார்த்து, தைத்துப் போட்ட காலுறையைப் பார்த்துப் பெற்றோர் தம் பிள்ளைகளை அடையாளம் கண்டார்கள்.

இனி நீதிமன்றத்துக்கு வாருங்கள். உரிமையாளர்கள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. உயிர் பிழைத்த கேட் ஆல்டர்மன் என்ற பெண், கதவருகே தன் தோழி தீயில் சிக்கியதைக் கண்டதாகச் சாட்சி சொன்னார். உரிமையாளர்களின் வழக்கறிஞர் அவரை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார், கிட்டத்தட்ட அதே சொற்களில். உடனே வழக்கறிஞர், இது யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்த சாட்சி என்று வாதிட்டார். அந்தப் பெண்ணின் நினைவு பிசகவில்லை என்பதையே அவளுக்கு எதிராகத் திருப்பினார்கள், பெருமக்களே! உரிமையாளர்கள் விடுதலை ஆனார்கள். காப்பீட்டிலிருந்து அவர்களுக்கு நட்டத்தை விட ஏறத்தாழ 60,000 டாலர் அதிகமாகவே கிடைத்தது. இழப்பீடு கேட்டு வழக்கு போட்ட குடும்பங்களுக்கு, ஓர் உயிருக்கு 75 டாலர். 1913இல், அதாவது இரண்டே ஆண்டில், அந்த உரிமையாளர்களில் ஒருவர் வேலை நேரத்தில் மறுபடியும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

எதிரணியினர் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது. இது செல்வத்தின் ஆதிக்கத்துக்குத்தானே சான்று என்று நினைக்கிறார்கள். சற்றுப் பொறுங்கள், கதையில் இன்னொருவர் இருக்கிறார்.

அன்று மாலை சதுக்கத்தின் அருகே ஒரு வீட்டில் தேநீர் விருந்துக்கு வந்திருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற இளம்பெண், கூச்சல் கேட்டுத் தெருவுக்கு ஓடி வந்தார். பெண்கள் குதித்ததை நடைபாதையில் நின்று பார்த்தார். அவர் அதை மறக்கவில்லை. அந்த ஆண்டே அமைக்கப்பட்ட நியூயார்க் மாநிலத் தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக ஊர் ஊராகப் போனார். அரசியல்வாதிகளையும் கையோடு அழைத்துப் போய், பெண்களும் சிறுவர்களும் வேலை பார்க்கும் இடங்களை நேரில் காட்டினார். அதன் பயனாக முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1933இல், அதிபர் ரூஸ்வெல்ட் அவரைத் தொழிலாளர் துறைச் செயலராக்கினார். அமெரிக்க அமைச்சரவையில் அமர்ந்த முதல் பெண்மணி அவர்தான். 1935இல் முதியோருக்கு ஓய்வூதியம் தந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938இல் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்துச் சிறுவர் உழைப்புக்குத் தடை போட்ட நியாய உழைப்புத் தரச் சட்டம், இரண்டிலும் அவர் உழைப்பு இருந்தது. இத்தகைய சட்டங்களைத் தந்த, 'நியூ டீல்' எனப்படும் ரூஸ்வெல்ட்டின் புத்தாக்கத் திட்டம் பிறந்த நாள் 1911 மார்ச் 25தான் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பணம் 1911இலும் இருந்தது; இன்றைக்கு இருப்பதை விடக் கூச்சமில்லாமல் இருந்தது. அந்தப் பணத்துக்குக் கடிவாளம் போட்டது நடந்ததை மறக்காத ஒரு தலைமுறை. தேர்தல்களில் நிறுவனங்கள் கொட்டிய பணத்தைக் கண்டு வெகுண்டவர்கள், கூட்டாட்சித் தேர்தல்களுக்கு நிறுவனங்கள் நன்கொடை தரக்கூடாது என்று 1907இல் சட்டம் போட்டார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம், தேர்தலில் நிறுவனங்கள் தாமாகச் செய்யும் செலவுக்கு இருந்த தடையை நீக்கியது. 2024 தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார் என்று எதிரணியினர் சொன்னார்கள், உண்மை. அந்தக் கதவை ஏன் ஒரு காலத்தில் அடைத்தோம் என்பதை மறந்தவர்கள் திறந்துவிட்டார்கள், பணம் உள்ளே வந்தது. வணிக வங்கியையும் பங்குச் சூதாட்டத்தையும் பிரித்து வைத்த 1933ஆம் ஆண்டுச் சுவரை 1999இல் இடித்ததும் அதே மறதிதான்.

சுங்க வரிக்கு வருகிறேன். 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்பு உரையில் அதிபர் டிரம்ப், முன்னாள் அதிபர் வில்லியம் மெக்கின்லி சுங்க வரியால் நாட்டைச் செல்வத்தில் கொழிக்க வைத்தவர் என்று புகழ்ந்தார். அலாஸ்காவின் உயர்ந்த மலைக்கு மறுபடி அவர் பெயரைச் சூட்டினார். மெக்கின்லியை நினைவுகூர்ந்தால் முழுவதுமாக நினைவுகூர வேண்டாமா? அவர் பெயரால் 1890இல் வந்த வரிச்சட்டம் சராசரி வரியை 50 சதவீதத்தை ஒட்டி உயர்த்தியது. பொருள்களின் விலை கூடியது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. அவரும் தம் நாடாளுமன்ற இடத்தை இழந்தார். பிறகு அதிபரான அதே மெக்கின்லி, 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோ நகரில் ஆற்றிய உரையில், ஒதுங்கி வாழும் காலம் போய்விட்டது, வணிகப் போர்கள் யாருக்கும் லாபம் தருவதில்லை என்று கூறி, நாடுகளுக்கிடையே பரஸ்பர வணிக உடன்பாடுகளை வற்புறுத்தினார். மறுநாள் அவர் சுடப்பட்டார். எனவே அந்த உரை அவருடைய அரசியல் உயில் போன்றது. 1890ஆம் ஆண்டு மெக்கின்லியை எடுத்துக்கொண்டு 1901ஆம் ஆண்டு மெக்கின்லியை விட்டுவிட்டார்கள். 1930இல் சுங்க வரியை உயர்த்திய ஸ்மூட்-ஹாலி வரிச்சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் அன்றைய அதிபர் ஹூவரிடம் மன்றாடியதையும் விட்டுவிட்டார்கள். இந்த மறதியின் விலையை நம் ஊரும் கொடுத்தது: 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரி விழுந்தபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன.

நடுவர் அவர்களே, புள்ளிவிவரங்களை இனி விட்டுவிடுகிறேன். ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டிரையாங்கிள் தீயில் மால்டீஸ் என்ற இத்தாலியக் குடும்பத்தில் தாய் கேத்தரினாவும் இரண்டு மகள்களும் இறந்தார்கள். மூத்தவள் லூசியாவுக்கு 20 வயது. இளையவள் ரோசாரியாவுக்கு 14. மூவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். மகள்களை அடையாளம் காண முடிந்தது. மனைவி எது என்று அந்த மனிதருக்கு மாதக்கணக்கில் தெரியவில்லை. இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 25 அன்று நியூயார்க் மக்கள், இறந்தவர்கள் குடியிருந்த வீடுகளின் வாசலுக்குப் போய், அவர்களுடைய பெயரையும் வயதையும் சுண்ணக்கட்டியால் தரையில் எழுதுகிறார்கள். மழை பெய்தால் அழிந்துவிடும் என்று தெரிந்தும் அடுத்த ஆண்டு மறுபடி வந்து எழுதுகிறார்கள். அந்த மக்களை நினைத்தால் எனக்கு அமெரிக்கா மீது மாளாத அன்பு வருகிறது.

அதே நாட்டில் 2023 பிப்ரவரியில், எட்டு மாநிலங்களின் இறைச்சிக் கூடங்களில், 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 102 பிள்ளைகள் இரவு முழுவதும் எலும்பறுக்கும் ரம்பங்களை ரசாயனம் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்ததாகத் தொழிலாளர் துறை அறிவித்தது. ஒரு பிள்ளைக்கு 15,138 டாலர் அபராதம். அன்று சட்டம் அனுமதித்த உச்ச அளவே அவ்வளவுதான். அடுத்த மாதம், அந்த எட்டு மாநிலங்களில் ஒன்றான ஆர்கன்சாஸ், 16 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்க அரசின் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று சட்டம் இயற்றியது.

பிரான்சிஸ் பெர்கின்ஸ் அந்தச் சட்டசபைக்குள் நுழைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து நினைத்து மனம் வெதும்புகிறது. ரோசாரியாவுக்கு வயது 14, ஐயா. அந்த இறைச்சிக் கூடத்துப் பிள்ளைகளில் அவளை விட இளையவர்கள் இருந்தார்கள். பூட்டிய கதவின் பின்னால் அவள் ஏன் செத்தாள் என்று அவர்களுடைய நாடு அவர்களுக்குச் சொல்லவில்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் அது நினைவில் இல்லை. எதிரணித் தலைவர் எங்கள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கச் சொல்கிறார். அதை எங்களிடமே விட்டுவைக்கும்படியும், இன்றைய அமெரிக்காவை அலைக்கழிப்பது வரலாற்றின் மறதியே என்று தீர்ப்பளிக்கும்படியும் நடுவர் அவர்களை வேண்டிக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.