புள்ளி தெரிகிற மானிட்டர்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் விழா அழைப்பிதழ் என்று நாள் முழுக்கத் தமிழ் எழுத்தையே பார்க்கிற பிழைப்பு. கையைக் கடிக்காத விலையில் மானிட்டர் வாங்குவது பற்றிப் பேசச் சொன்னதும், நான் ஏமாந்த கதைதான் முதலில் ஞாபகம் வந்தது.

பழைய மானிட்டர் மங்கிப் போனது. பெரிதாக இருந்தால் கண்ணுக்குச் சுகம் என்று 27 இஞ்ச் வாங்கி வந்தேன். கையில் இருந்த பணத்துக்கு ஃபுல் எச்டிதான் கிடைத்தது. அதாவது திரையின் அகலத்துக்கு 1920, உயரத்துக்கு 1080 புள்ளிகள் (பிக்சல்). தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அது போதும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிறவனுக்குப் போதவில்லை. சின்ன எழுத்தில் 'ணை'யின் சுழிகள் படிக்கட்டு மாதிரி தெரிந்தன. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு மாப்பிள்ளை பெயரில் புள்ளி விட்டுப் போனதைக் கவனிக்காமல் 500 பத்திரிகை அச்சாகிவிட்டது. என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்த அட்டைகளின் பின்பக்கத்தில்தான் இன்னும் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே அளவு புள்ளிகளைப் பெரிய திரையில் பரப்பினால் ஒவ்வொரு புள்ளியும் பெருத்துப் போகும். ஃபுல் எச்டியில், ஒரு இஞ்ச் நீளத்துக்கு 27-ல் சுமார் 82 புள்ளி, 24-ல் சுமார் 92, 22 என்று விற்கிற இருபத்தொன்றரையில் 102. எழுத்து வேலைக்கு, ஃபுல் எச்டி என்றால் 24-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன். 27-தான் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 பாருங்கள், விலை ஏறும்.

அப்புறம் பேனல், அதாவது படம் காட்டுகிற திரைத் தகடு. பெட்டியில் எல்இடி என்று போட்டிருப்பது பின்னால் எரிகிற விளக்கைத்தான். முன்னால் இருப்பது எல்சிடி. அதில் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று வகை உண்டு, எது என்று கேளுங்கள். என் பழைய மானிட்டர் டிஎன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்த பெண் வீட்டுக்காரர், "ஏனுங்க, கல்யாணப் பத்திரிகைக்குப் போய்க் கருப்பு வைக்கறீங்களே?" என்று கோபித்துக்கொண்டார். நான் வைத்தது அரக்கு! நேராகப் பார்த்தால் அரக்கு, சாய்ந்து பார்த்தால் கருப்பு. ஐபிஎஸ் வந்த பிறகு அந்தப் பஞ்சாயத்து இல்லை. நொடிக்கு 144 தடவை படம் மாறுகிற 144 ஹெர்ட்ஸ், புள்ளி சட்டென்று நிறம் மாறுகிற 1 மில்லிசெகண்ட் எல்லாம் கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கு. நமக்கு எதற்கு?

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் உங்கள் தமிழ் ஃபைல் ஒன்றைப் படமாக்கி எடுத்துப் போங்கள். கூடவே முழுக் கருப்பு, முழு வெள்ளைப் படம் ஒவ்வொன்று. கருப்பில் ஒற்றைப் புள்ளி மின்னினால் வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

முக்கியமாக, உங்கள் சிபியூவின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏற்காட்டில் இருக்கிற என் மச்சான் பார்க்கவில்லை. அவருடைய பழைய சிபியூவில் மானிட்டர் கேபிள் மாட்ட விஜிஏ என்கிற பழைய வகைத் துளை மட்டும்தான். புது மானிட்டரில் எச்டிஎம்ஐ என்கிற புது வகை மட்டும்தான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து கன்வெர்ட்டர் வாங்கிப் போனார். அது எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிறது. மாட்டினால் மாட்டிக்கொண்டது, படம் வரவில்லை. அவருக்கு வேண்டியது தலைகீழானது. மறுநாள் மறுபடியும் 20 வளைவு.